முழுதூர டிரையத்லானுக்குப் பத்து வாரம்: ஏழு நாள் பயிற்சி முகாமுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. அரைதூர டிரையத்லானை (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) இரண்டு முறை முடித்திருக்கிறேன். முழுதூரப் போட்டிக்கு (3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம்) இன்னும் பத்து வாரங்கள் இருக்கின்றன. வேலையும் குடும்பமும் போக, வாரத்துக்கு ஒன்பது பத்து மணி நேரம்தான் பயிற்சி செய்ய முடிகிறது. நான்காவது வாரத்தில் ஏழு நாள் முகாம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால் 24 மணி நேரப் பயிற்சி வருகிறது. போனால் பலன் உண்டா, உடம்பைக் கெடுத்துக்கொண்டு திரும்புவேனா? திறந்த நீரில் நீந்துவதில் இன்னும் கொஞ்சம் பயமும் இருக்கிறது.

பதில்:

போய் வாருங்கள். ஆனால் அந்த 24 மணி நேரத்தையும் முடித்தே தீருவேன் என்று போகாதீர்கள். உங்களுக்கு 16 முதல் 18 மணி நேரம் தாராளம். மீதி நேரத்தில் சாப்பிடுங்கள், தூங்குங்கள். பணம் கட்டிவிட்டு அறையில் படுத்துக் கிடப்பதா என்று மனசு உறுத்தும். என் முதல் முகாமில் எனக்கும் உறுத்தியது. எழுந்து போனேன். ஐந்து வாரம் ஓட முடியாமல் உட்கார்ந்தேன்.

காலக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. முகாம் முடியும்போது போட்டிக்கு ஆறு வாரம் மிச்சமிருக்கும். அதில் ஒரு வாரம் உடம்பு தேற வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நடுவில் இருக்கும் மூன்று வாரங்கள்தான் முகாமின் பலனை அறுவடை செய்யும் காலம். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் இதே முகாம் வந்திருந்தால் வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பேன்.

ஒன்பது மணி நேரத்துக்குப் பழகிய உடம்பை ஒரே வாரத்தில் 24 மணி நேரத்துக்குத் தள்ளுவது இரண்டரை மடங்கு சுமை. இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக நிறுத்திக்கொண்டால் ஒரு வாரத்தில் தேறிவிடலாம். அதைத் தாண்டினால், தேறுவதற்கு ஆகும் நாட்கள் போட்டித் தேதியைத் தின்றுவிடும். இந்தக் கூடுதல் சுமையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். இப்போது வாரத்துக்கு ஐந்து மணி நேரம் சைக்கிள், இரண்டு மணி நேரம் நீச்சல், இரண்டரை மணி நேரம் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். முகாமில் சைக்கிளைப் பத்து மணி நேரமாகவும் நீச்சலை நான்கு மணி நேரமாகவும் ஆக்கலாம். ஓட்டத்தை மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். காரணம் எளிது. இதயமும் நுரையீரலும் சுமைக்கு வேகமாகப் பழகுகின்றன. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும் கெண்டைக்கால் எலும்பும் நிதானமாகத்தான் பழகும். மூச்சு "இன்னும் முடியும்" என்று சொல்லும்போது கால் ஏற்கெனவே விரிசல் விட ஆரம்பித்திருக்கலாம். அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதியைச் சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடும் 15, 20 நிமிடத் துண்டுகளாகச் செலவிடுங்கள். முதல் பத்து நிமிடம் கால் மரக்கட்டை போல இருக்கும். அந்த மரக்கட்டைக் காலோடு எந்த வேகத்தில் கிளம்புவது என்று பழகுவதற்கு, நீண்ட தனி ஓட்டத்தைவிட இந்தத் துண்டுகளே உதவும்.

அடுத்த மூன்று வாரங்களில் முகாமுக்கென்று ஒன்றை மட்டும் தயார் செய்யுங்கள்: சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட சைக்கிள் பயணம். சனிக்கிழமை மூன்றரை மணி நேரம், ஞாயிறு இரண்டரை மணி நேரம் போதும். களைத்த காலோடு மறுநாள் காலையில் மறுபடி சீட்டில் ஏறுவது எப்படி இருக்கும் என்பதை முகாமின் மூன்றாம் நாளில் முதன்முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

முகாமில் ஆட்களை வீழ்த்துவது மலையோ காற்றோ இல்லை, சக பயிற்சியாளர்கள்தான். முதல் நாள் மாலை எல்லோரும் சிரித்துப் பேசி, "நிதானமாகத்தான் போகப்போகிறோம்" என்பார்கள். இரண்டாம் நாள் முதல் ஏற்றத்தில் யாரோ ஒருவர் அரைச் சக்கரம் முன்னால் போவார். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். பத்தே நிமிடத்தில் யாரும் அறிவிக்காத ஒரு போட்டி நடந்துகொண்டிருக்கும். என் முதல் முகாமின் மூன்றாம் நாள், என்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருவரை ஏழு கிலோமீட்டர் ஏற்றம் முழுக்கத் துரத்திப் பிடித்தேன். உச்சியில் எடுத்த படம் இன்னும் இருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். அன்று மாலை ஓய்வெடுக்காமல் ஓடவும் போனேன். மறுநாள் படி இறங்கும்போது முழங்காலின் வெளிப்புறத்தில் கத்தி வைத்தது போல் வலி. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்கு இறங்கும் பட்டை உராய்ந்து வீங்கியிருந்தது. அந்த இளைஞருக்கு நான் துரத்தியதே தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை.

கூட்டமாக ஓட்டுவதில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போனால், அதே வேகத்துக்கு ஆகும் உழைப்பில் கால்வாசிக்கு மேலேயே மிச்சமாகும். மணிக்கு 33 கிலோமீட்டரில் நான்கு மணி நேரம் போய்விட்டு, போட்டியிலும் இதே வேகம் வரும் என்று கணக்குப் போடுவார்கள். வராது. அயர்ன்மேன் என்ற பெயரில் நடக்கும் முழுதூரப் போட்டிகளில் வயதுப் பிரிவு வீரர்கள் (தொழில்முறை அல்லாதவர்கள்) முன்னால் போகும் சைக்கிளிலிருந்து 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். நெருங்கிப் போனால் தண்டனை. ஆகவே முகாமின் ஐந்து சைக்கிள் நாட்களில் இரண்டிலாவது கூட்டத்திலிருந்து விலகித் தனியாக ஓட்டுங்கள். கைகளை ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட உதவும் முன்பக்கப் பிடி) வைத்துக் குனிந்தபடியே ஓட்டுங்கள். கால் தாங்கும், கழுத்தும் இடுப்பும் தாங்குமா என்பதுதான் 180 கிலோமீட்டரின் கேள்வி. அதற்கான பதில் மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகுதான் கிடைக்கும். ஹேண்டில் உயரத்தை இரண்டு சென்டிமீட்டர் ஏற்ற வேண்டுமா என்று முடிவுசெய்ய முகாமைவிட நல்ல இடம் கிடையாது.

பவர் மீட்டர் (மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் கருவி) இருந்தால் வேலை சுலபம். ஒரு மணி நேரம் உச்சமாகத் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட் அளவு உங்களுக்கு 200 என்றால், முழுதூரப் போட்டியில் நீங்கள் ஓட்ட வேண்டியது 130 முதல் 145 வரை. முகாமின் நீண்ட பயணங்களிலும் அந்த எல்லைக்குள் இருங்கள். ஏற்றத்தில் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. இதயத் துடிப்பை மட்டுமே பார்க்கிறவர் என்றால், பயிற்சியாளர் ஃபில் மாஃபெட்டோன் சொன்ன பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: 180-லிருந்து வயதைக் கழியுங்கள். உங்களுக்கு 139. ஆளுக்கு ஆள் மாறுபடும் உத்தேசக் கணக்குதான் இது, அறிவியல் விதி என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஹவாயில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியை ஆறு முறை வென்ற மார்க் ஆலன், மாஃபெட்டோனின் பேச்சைக் கேட்டு, எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகப் பயிற்சி செய்தே தன் அடித்தளத்தைக் கட்டினார். 1989-ல் டேவ் ஸ்காட்டோடு எட்டு மணி நேரம் தோளோடு தோள் நின்று 58 விநாடி வித்தியாசத்தில் வென்றவர் அவர். மெதுவாகப் போவது அவருக்கே கௌரவக் குறைச்சலாக இல்லை.

நான்காம் நாள் வாக்கில் ஒரு விசித்திரம் நடக்கும். வழக்கமான வேகத்தில் போவீர்கள், இதயத் துடிப்பு ஏறவே ஏறாது. கடிகாரத்தைப் பார்த்து, "மூன்றே நாளில் உடம்பு தேறிவிட்டதே!" என்று பூரித்துப் போகிறவர்களை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். மூச்சு வாங்குகிறது, தொடை கனக்கிறது, துடிப்பு மட்டும் 125-ஐத் தாண்ட மறுக்கிறது என்றால் அது தேர்ச்சிக்கு அடையாளம் கிடையாது. உடம்பு களைத்துப்போய், கூப்பிட்ட குரலுக்கு இதயம் எழுந்து வர மறுக்கிறது. அன்றைக்கு நீச்சல் மட்டும் போதும். நல்ல முகாம்களில் நான்காம் நாளை அரை ஓய்வு நாளாகவே வைத்திருப்பார்கள். உங்கள் அட்டவணையில் அப்படி ஒரு நாள் இல்லையென்றால் நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. முகாமால் உங்களுக்குக் கிடைக்கப்போகும் மிகப் பெரிய லாபம் இதில்தான் என்பது என் அபிப்பிராயம்.

சராசரியாக 150 வாட்டில் ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய 2,700 கிலோகலோரி செலவாகும். அன்றாட உடல் தேவை அதற்கு மேல் தனி. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் (உடம்பின் சர்க்கரைச் சேமிப்பு) ஐந்நூறு, அறுநூறு கிராம்தான். தீவிரமாக உழைத்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். முதல் நாள் குறைவாகச் சாப்பிட்டதன் விளைவு முதல் நாளே தெரியாது. மூன்றாம் நாள் மதியம், ஏற்றத்தின் நடுவில், காரணமே இல்லாமல் அழுகை வருவது போல் இருக்கும். அது மனத்தளர்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள், வெறும் பசி. முகாமில் எடை குறைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இவ்வளவு சுமையைக் குறைந்த சாப்பாட்டில் செய்தால் ஹார்மோன், எலும்பு, நோய் எதிர்ப்புச் சக்தி மூன்றும் அடி வாங்கும்.

போட்டி நாளின் உணவுத் திட்டத்தை அப்படியே ஒத்திகை பாருங்கள். குடல் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சக்கூடிய குளுக்கோஸ் சுமார் 60 கிராம். ஃபிரக்டோஸ் வேறு வாசல் வழியாக உள்ளே போவதால், இரண்டையும் கலந்து எடுத்தால் 90 கிராம் வரை போகலாம். காகிதத்தில் இது எளிது. ஆறரை மணி நேரச் சைக்கிளுக்கு மணிக்கு 70 கிராம் என்றால் மொத்தம் 455 கிராம். 25 கிராம் சர்க்கரை உள்ள ஜெல்லாகக் கணக்கிட்டால் பதினெட்டு பாக்கெட். பழகாத வயிறு எட்டாவதிலேயே திருப்பி அனுப்பிவிடும். குடலுக்கும் பயிற்சி வேண்டும். முதல் நாள் மணிக்கு 50 கிராமில் தொடங்கி, ஐந்தாம் நாள் நீண்ட பயணத்தில் 70, 80 வரை ஏற்றுங்கள். போட்டி அமைப்பாளர்கள் வழியில் என்ன பானம், என்ன ஜெல் தருவார்கள் என்று முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள். அதையே முகாமுக்கு எடுத்துச் செல்லுங்கள். 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஒவாஹு தீவில் நடந்த முதல் அயர்ன்மேனில், மாரத்தான் ஓடிக்கொண்டிருந்த ஜான் டன்பருக்கு உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீர் கொடுத்தார்கள். அப்படியும் இரண்டாவதாக வந்தார். பதினைந்து பேர் கிளம்பிப் பன்னிரண்டு பேர் முடித்த காலம் அது. இப்போது அந்தச் சாக்குச் செல்லாது.

தண்ணீருக்கு ஒரு தராசு போதும். நீண்ட பயணத்துக்கு முன்னும் பின்னும் உடையைக் களைந்து எடை பாருங்கள். மூன்று மணி நேரத்தில் 70 கிலோ 68.2 ஆகி, நடுவில் ஒன்றரை லிட்டர் குடித்திருந்தால், வியர்த்தது 3.3 லிட்டர், மணிக்கு 1.1 லிட்டர். இவ்வளவையும் திரும்பக் குடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எடையில் இரண்டு சதவீதத்தை ஒட்டிய இழப்பை உடம்பு தாங்கிக்கொள்ளும். எடை கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தேவைக்கு மேல் தண்ணீர் குடித்து ரத்தத்தின் சோடியம் சரிவது நீரிழப்பைவிட ஆபத்தானது. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே உலை வைக்கும்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இரவு ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருங்கள். மதியம் அரை மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் அரட்டை சுகமானதுதான், ஆனால் அதில் பாதியில் எழுந்து வரப் பழகுங்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். முகாமிலிருந்து பாதியில் திரும்புகிறவர்களில் சிலர் திரும்புவது சீட் புண்ணால்தான். மூன்று சைக்கிள் கால்சட்டைகளாவது வேண்டும்; தினமும் துவைத்து முழுதாக உலர்ந்ததை மட்டும் அணியுங்கள். பயணம் முடிந்ததும் ஈர உடையோடு உட்கார்ந்து கதை பேசாமல் நேராகக் குளிக்கப் போங்கள். உராய்வுத் தடுப்புக் களிம்பை முதல் நாளிலிருந்தே தடவுங்கள். சிவந்த பிறகு தடவினால் பயன் குறைவு. புதுச் சீட், புது ஷூ இரண்டையும் முகாமில் அறிமுகப்படுத்த வேண்டாம்.

உங்கள் நீச்சல் பயத்துக்கு வருகிறேன். 3.8 கிலோமீட்டர் என்பது 50 மீட்டர் குளத்தில் 76 நீளங்கள். தூரம் உங்களுக்குச் சிக்கலில்லை என்று நினைக்கிறேன். அடி தெரியாத தண்ணீரும், காலைப் பிடித்து இழுக்கும் கூட்டமும்தான் சிக்கல். இது தனியாகப் பழகக்கூடிய விஷயம் இல்லை, பழகவும் கூடாது. முகாமில் நான்கு பேர் சேர்ந்து வேண்டுமென்றே நெருக்கமாக, தோள் இடிக்க, மிதவையைச் சுற்றி நீந்திப் பாருங்கள். ஐந்து முறை இடி வாங்கிய பிறகு ஆறாவது இடி சாதாரணமாகிவிடும். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பதற்றத்தைத் தணிக்கும். எட்டு பத்துக் கை வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் முதலை போல் நீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பாருங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் கால் தாழ்ந்துவிடும். சைக்கிளில் தடைசெய்யப்பட்ட மறைவு உத்தி நீச்சலில் தாராளமாக அனுமதிக்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்: உங்களைவிடச் சற்று வேகமானவரின் கால்நுரையைப் பின்தொடர்ந்தால் கணிசமான உழைப்பு மிச்சம்.

முகாம் உயரமான மலையில் நடக்கிறது, அதனால் ரத்தம் ஊறும் என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ரத்தச் சிவப்பணுக்கள் கூடுவதற்கு 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நான்கு வாரங்களாவது தங்க வேண்டும். ஏழு நாளில் கிடைப்பது களைப்பும் தூக்கமின்மையும்தான். வெப்பம் வேறு கதை: சூடான சூழலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும் என்றாலும், முதல் ஐந்தாறு நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்கிவிடும்.

சில அறிகுறிகளில் பேரம் பேசக் கூடாது. ஓடும்போது எலும்பின் ஒரே புள்ளியில் வலி, அதுவும் ஒவ்வொரு அடிக்கும் கூடிக்கொண்டே போனால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். காய்ச்சல் இருந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குள் போகிறது என்று பொருள். மருத்துவமனைக்குப் போக வேண்டும், பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. இப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரையை விழுங்கிவிட்டு நீண்ட பயணம் கிளம்புவது முகாம்களில் சாதாரணமாக நடக்கிறது. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளர்களிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். வேகத்துக்குத் தக்கபடி எத்தனை குழுக்கள்? கடைசிக் குழுவோடு யார் வருவார்கள்? பின்தொடரும் வாகனம் உண்டா? திறந்த நீரில் காவலுக்குப் படகோ துடுப்புப் பலகையோ இருக்குமா? ஒரு பயிற்சியைத் தவிர்க்கிறேன் என்றால் ஒத்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலின் தொனியை வைத்தே பாதி முடிவைச் செய்துவிடலாம். "எங்கள் முகாமில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்" என்று பெருமையாகச் சொன்னால் வேறு முகாம் பாருங்கள்.

திரும்பி வந்த வாரம்தான் பலர் கோட்டைவிடும் இடம். இரண்டு நாளில் கால் லேசாகும், உற்சாகம் பொங்கும், முகாமில் விட்ட ஆறு முதல் எட்டு மணி நேரத்தையும் இப்போது செய்துவிடலாம் போலிருக்கும். அந்த வாரம் மொத்தம் ஐந்து மணி நேரம், எல்லாமே மெதுவாக. ஓட்டம் முதல் மூன்று நாள் கிடையாது. ஊர் திரும்பும் நீண்ட பயணமும் கடும் பயிற்சியும் சேர்ந்தால் சளி பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆகவே திரும்பிய மறுநாளே அலுவலகத்தில் பெரிய வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முகாமின் பலன் ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் மெல்லத் தலைகாட்டும். அதே வாட்டில் இதயத் துடிப்பு நான்கைந்து குறைந்திருப்பதை ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் கவனிப்பீர்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் சைக்கிளைச் சரிபார்த்து, டயர் தேய்ந்திருந்தால் மாற்றி, அதன் பிறகு குறைந்தது இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். கிளம்பும் வாரத்தில் தொண்டை வலி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் கட்டிய பணம் போனால் போகிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.